வசனம் இல்லாத தாய்மாமன்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் செந்தட்டி. என் தங்கை பேச்சியம்மாளின் புருஷன். அதைச் சொல்லாமல் விக் கதையை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது தம்பி. கழுத்தில் கட்டி அதற்கு முந்தியே வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. கட்டி என் உடம்பைத்தான் கெடுத்தது. அவன் என் பெயரைக் கெடுத்தான்.

ஆமாம், விக்தான். உட்கார்ந்ததிலிருந்து என் தலையையே பார்க்கிறீர்கள், கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். இது உங்களுக்கு முதல் ஊசியா? கையை மடக்காதீர்கள், நரம்பு வீங்கிவிடும். எல்லாருக்கும் முடி போகாது என்று நர்ஸ் சொல்லியிருப்பாள். எனக்கும் சொன்னாள். ஒரு நாள் காலையில் தலையணையைப் பார்த்தேன், பூனை படுத்து எழுந்த மாதிரி இருந்தது. மிச்சத்தை வழித்துவிட்டேன். அதோடு விட்டதா? நாலு நாளில் மீசையும் விரலோடு வந்துவிட்டது.

தலை போனது பெரிதில்லை. மீசை போனதுதான்.

எனக்கு ராஜபாளையம். பெயர் காசிலிங்கம். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். என் பெயர் தெரியாதவன்கூட மீசைக்காரர் வண்டி என்றால் வழி விடுவான். எங்கள் பக்கம் ஒரு ஆம்பிளை தலையை மட்டும் மொட்டை போட்டால் பழனியா, திருச்செந்தூரா என்று கேட்பார்கள். தலையும் மீசையும் சேர்ந்து போயிருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பனோ ஆத்தாளோ போய்விட்டார்கள், கொள்ளி போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கள் அப்பா போய் வெகுகாலம். ஆத்தா இருக்கிறாள். செந்தட்டி வீட்டில் இருக்கிறாள். மகன் இருக்க மகள் வீட்டில் ஏன் என்று கேட்காதீர்கள். அது வேறு கதை, அதிலும் என் மேல் தப்பில்லை.

நோயை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் சம்சாரம் குருவம்மாளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம் என்று ஒருத்தன் என்னைப் பார்க்கக் கூடாது. ஆனால் கூடப் பிறந்தவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எத்தனை மாசம் நான் வெளியில் தலை காட்டவில்லை? அண்ணன் எங்கே என்று தேட வேண்டாமா?

ஐப்பசியில் ஒரு நாள் மதுரையில் ஊசி போட்டுக்கொண்டு ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். தலையில் கட்டியிருந்த துண்டைக் காற்று தூக்கிவிட்டது. எதிரே பரமசிவம். எனக்குச் சித்தப்பா மகன், கரிவலத்தில் இருக்கிறான். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்காகத்தான் அழுகிறான், எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லி விடலையே அண்ணே" என்றான்.

"யாருக்கும் சொல்லலைப்பா. வந்தது வந்துருச்சு. விடு."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவன் பெண்டாட்டியையும் இன்னும் இரண்டு பொம்பளைகளையும் கூட்டிக்கொண்டு செந்தட்டி வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டான். பொம்பளைகள் தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆத்தா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள். கண் சரியாகத் தெரியாது. "யாருடி போனது?" என்றிருக்கிறாள். அழுகைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆத்தா முறை தெரிந்தவள். யார் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று உலக்கையைக் கீழே வைத்துவிட்டு அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள். பரமசிவம் நிமிர்ந்து பார்க்கிறான், செத்தவள் உட்கார்ந்து அழுகிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். நானும் வேறொருத்தன் கதையாக இருந்தால் சிரிப்பேன்.

பரமசிவம் உளறியிருக்கிறான். காசியண்ணன் தலையும் மீசையும் எடுத்துவிட்டு நின்றார், நான் கண்ணால் பார்த்தேன் என்று. ஆத்தா, "நான் சாகுறதுக்கு முந்தியே எம்மவன் காரியத்த முடிச்சுட்டானா?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள், இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம். அப்போதுதான் செந்தட்டி தெருவில் இறங்கினான். நடுத் தெரு. எல்லா வீட்டு வாசலிலும் ஆள்.

"உசுரோட இருக்க ஆத்தாளுக்கு மொட்டை போட்டவன் ஒரு மகனா? இனிமே அவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது!"

சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஏன் மச்சான் எடுத்தீர்கள் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. குருவம்மாள் சொன்னாள், "ஒரு எட்டு போய் விவரத்தச் சொல்லிட்டு வந்துருவோங்க. அத்தை பட்டினி கிடக்காங்களாம்" என்று. எதைச் சொல்ல? என் முடி ஏன் போனது என்று அவனிடம் போய் விளக்கம் கொடுக்க நான் என்ன குற்றவாளியா? சொன்னவன் வரட்டும். அதே தெருவில் நின்று, அதே சத்தத்தில், சொன்னது தப்பு என்று சொல்லட்டும். பிறகு நான் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் அவன் மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம் தகைந்தது. தை மாசம்.

எங்களில் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் மாலைதான். அது கழுத்தில் விழாமல் பெண்ணுக்குத் தாலி ஏறாது. அந்தப் பிள்ளைக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அன்றைக்கு அது என் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த உரிமையை எனக்கு எவனும் தர வேண்டியதில்லை. அது பிறந்த அன்றே எனக்கு வந்துவிட்டது.

அழைக்க வந்தார்கள், செந்தட்டியும் பேச்சியும். வராமல் இருக்க முடியுமா? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் மொட்டைத் தலையோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குருவம்மாள், "மதுரைக்குப் போயிருக்காரு" என்றாள். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தாம்பாளத்தோடு அவளிடம் கொடுத்தான். "மச்சான் கண்டிப்பா வரணும் அக்கா. அவரு கை படாம மாலைய எடுக்க மாட்டோம்" என்றான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறேன். எல்லாம் பேசினான். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. வாசலில் என் செருப்பு கிடந்ததைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றானாம். பார்த்தவன் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டாமா? ஆள் இல்லை என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவதா? நான் கையில் வாங்காத அழைப்பை அழைப்பென்றே நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அவன் அழைத்ததற்காக இல்லை. பிள்ளைக்காக. அப்படியே போனால் என்ன ஆகும்? மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சிவகாசி ஆட்கள், என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. தலையும் மீசையும் இல்லாத ஒருத்தன் மணவறையில் மாலையோடு நின்றால், வீட்டில் துட்டி விழுந்ததை மறைத்துக் கல்யாணம் நடத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதனால்தான் விக்.

மதுரையில் பெரிய கடை ஒன்றுக்கு முதலில் போனோம். எல்லாம் கண்ணாடி. வெள்ளைத் தலைப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் தலைமுடி உண்டு, கண் கிடையாது. ஒரு பெண் வந்து, "பேஷண்ட் விக்கா அங்கிள்?" என்றது. எவ்வளவு சத்தமாக! கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். டேப் வைத்துத் தலையை அளந்தது. வலைத்தொப்பி ஒன்றை மாட்டி அதற்கு மேல் ஒன்றை வைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் தலைமேல் என் பேரன் உட்கார்ந்திருந்தான். கருகருவென்று, நெற்றியில் குத்திக்கொண்டு.

"காதோரம் நரை இருக்கிறது காட்டும்மா" என்றேன்.

"எல்லாரும் வயசு குறைச்சலாத் தெரியணும்னுதான் அங்கிள் கேப்பாங்க."

"எனக்கு என் வயசு தெரிஞ்சாப் போதும். சரி, மீசை?"

"மீசையா? மீசை எல்லாம் வராது அங்கிள். ஆம்பளைங்க மீசை இல்லாமலே இப்ப ஸ்டைலா இருக்காங்களே."

எழுந்து வந்துவிட்டேன். குருவம்மாள் வெளியில் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அதையும் நான் மறக்கவில்லை.

டீ குடித்த இடத்தில் ஒருத்தன்தான் வழி சொன்னான். ஒரு சந்துக்குள் மாடியில், நாடகத்துக்கு டிரஸ் வாடகைக்கு விடுகிற கடை. திருவிழா நாடகத்துக்குக் கிரீடம், கதாயுதம், வாள் எல்லாம் அங்கேதான் எடுப்பார்களாம். ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அருணகிரி என்று ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும், தரையில் உட்கார்ந்து ஒரு ராணியின் சடையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"என்ன வேஷம்?"

"தாய்மாமன்" என்றேன்.

"சமூக நாடகமா? எத்தனை சீன்?"

"ஒரே சீன். பொண்ணுக்கு மாலை போடணும்."

"வசனம்?"

"இல்லை."

"அப்ப நல்லதாப் போச்சு. வசனம் இருந்தாத்தான் மீசை விட்டுப் போகும்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான். நான் துண்டை எடுத்தேன். தலையைப் பார்த்தான், கழுத்தில் தையல் தழும்பைப் பார்த்தான். ராணியை ஓரமாக வைத்துவிட்டு, "உக்காருங்கண்ணே" என்று ஒரு சிம்மாசனத்தைத் தட்டிப் போட்டான். நாடகத்துச் சிம்மாசனம், ஒரு கால் ஆடும்.

மீசைகள் ஒரு அட்டையில் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் பெயரை எழுதியிருந்தான். எனக்கு எழுத்துக் கூட்ட நேரமாகும், குருவம்மாள்தான் படித்தாள். இன்ஸ்பெக்டர், தளபதி, பண்ணையார், எமன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். என் பழைய மீசைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்தது எமன் மீசைதான். குருவம்மாள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். பண்ணையாரை விலைக்கே எடுத்துக்கொண்டேன். பண்ணையாருக்கு உண்டான விக்கும் அதோடு வந்தது, காதோரம் நரை வைத்து. இதுதான் அது. நன்றாக இருக்கிறதா? சும்மா சொல்லாதீர்கள்.

அருணகிரி பசையை எப்படித் தடவ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். "சிரிக்காதீங்க. வாயத் தொறந்து பேசாதீங்க. வேர்வை படாமப் பாத்துக்கங்க. ஒரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பு" என்றான்.

கல்யாணத்தன்று காலையில் ஒட்டிக்கொண்டு போனேன். உடம்பு வேறு பாதியாக இளைத்திருந்தது. வேட்டி சட்டை மாலையோடு கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பண்ணையார் என் வீட்டில் நிற்கிறார். மண்டபத்து வாசலில் செந்தட்டி நின்றான். "வாங்க மச்சான்" என்று இரண்டு கையையும் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. கல்யாண வீட்டில் புகைக்குக் கண் கலங்கத்தான் செய்யும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றைக்கு அவன் எனக்குச் செய்ததை எல்லாம் கேளுங்கள். தாய்மாமனை அக்கினிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் முறை. என் நாற்காலியை அவனே தூக்கித் தள்ளி ஓரத்தில் போட்டான். வீடியோக்காரன் என் பக்கம் லைட்டைத் திருப்பினான், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டான். ஆல்பத்தில் நான் பாதி இருட்டில் இருக்கிறேன். ஒரு பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து சரியாக என் முகத்துக்கு நேராக வைத்தான். விக் பறக்கட்டும் என்றுதானே? சாப்பாட்டில் ஊருக்கெல்லாம் வடை பாயசம். எனக்கு மட்டும் தனியாக ஒரு அறையில் இடியாப்பமும் பாலும், ஆற வைத்த வெந்நீரும். பந்தியில் உட்கார எனக்குத் தகுதி இல்லையாம்.

சரி, மாலைக்கு வருகிறேன்.

நாதசுரம் கெட்டி மேளத்துக்குத் தயாராக இருக்கிறது. சிந்துஜா வந்து என் முன்னால் குனிந்து நின்றது. மாலையைப் போட்டேன். காலைத் தொட்டுக் கும்பிட்டது. அந்த நேரம் மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்த ஆத்தா கேட்டாள்.

"யாருடி அது, மாலை போடுறது?"

"அண்ணன்தான் ஆத்தா" என்றாள் பேச்சி.

"எனக்கா தெரியாது எம்மவன? அவன் மண்டபத்துக்குள்ள வந்தா தெருமுனையில சத்தம் கேக்கும். இந்த ஆளு வந்ததுலருந்து வாயே தொறக்கல. எவன்டி இவன்?"

பேச்சி என்னமோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். ஆத்தா விடவில்லை. ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டாள். "எனக்குக் கண்ணு தெரியலன்னு எவனையோ கூலிக்கு நிறுத்தி ஏமாத்துறீகளா? எங்கடா எம்மவன்? செந்தட்டி! எம்மவனக் கூப்பிடாமயா கல்யாணம் பண்ற?"

நாதசுரம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "என்ன, என்ன?" என்கிறார். மண்டபம் பூராவும் என்னைப் பார்க்கிறது. ஆத்தா, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் தொண்டை வரை வந்துவிட்டது தம்பி. ஆனால் மீசையில் இடது பக்க நுனி விட்டுப் போய் உதட்டில் குறுகுறுக்கிறது. வாயைத் திறந்தால் அது கழன்று விழுந்துவிடும். சிவகாசிக்காரர்கள் முன்னால், மணவறையில், தாலி கட்டுகிற நேரத்தில். பிள்ளை தலை நிமிராமல் நிற்கிறது.

நான் செந்தட்டியைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான். ஒரு எட்டில் மேலே ஏறி வந்தான். எனக்கும் சிவகாசிக்காரர்களுக்கும் நடுவில் வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆத்தாளை ரெண்டு கையாலும் கும்பிட்டான்.

"தப்புதான் அத்தை. மச்சானக் கூப்பிடாம விட்டது என் தப்பு. தெருவுல நின்னு கத்துனேனே, அதுவும் என் தப்பு. கல்யாணம் முடிஞ்சதும் நானே போய் அவரக் கூட்டியாரேன். இப்ப தாலி ஏறட்டும் அத்தை."

"நீயெல்லாம் ஒரு மருமகனாடா?" என்று ஆத்தா அவன் தலையில் ஒன்று போட்டாள். ஊரே பார்த்தது. வாங்கிக்கொண்டு நின்றான். அவன் முதுகு மறைப்பில் நான் விரலால் மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டேன். பிறகு செந்தட்டி மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், வயசானவங்க, கண்ணு தெரியலை, மனசுல வச்சுக்காதீங்க என்று சொல்லியிருக்கிறான். மேளம் கொட்டியது. தாலி ஏறியது.

கவனித்தீர்களா, எவ்வளவு தந்திரம்? தப்பு என்று ஆத்தாளிடம் சொன்னான். என்னிடமா சொன்னான்? எனக்கு முதுகை அல்லவா காட்டிக்கொண்டு நின்றான்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் குருவம்மாள் வாயைத் திறந்தாள். மாலை போட ஆள் வேண்டுமே என்று பயந்து, என் நோயைப் பேச்சியிடம் போனில் எப்போதோ சொல்லிவிட்டாளாம். அவர்கள் தாம்பாளம் கொண்டுவந்த அன்றைக்கே அவனுக்கு எல்லாம் தெரியுமாம். "நீங்க கதவுக்குப் பின்னால நின்னதும் தெரியும். உங்க மனசு கோணக் கூடாதுன்னுதான் ஒண்ணும் தெரியாத மாதிரி போனாரு" என்றாள். சத்தியத்தை மீறியவளோடு நான் பத்து நாள் பேசவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் மோசம் அல்லவா? நோய் என்று தெரிந்தும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காதவனை என்ன சொல்வது?

ஆத்தா இன்னும் தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்துகொள்கிறாளாம். செந்தட்டி மகனைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று. யார் நடந்து போனாலும் காசியா என்று கேட்கிறாளாம். எனக்கு மட்டும் போக ஆசை இல்லையா? தெரு இரண்டு தள்ளித்தான் வீடு. வாசப்படியை மிதிக்கக் கூடாது என்றவன் மிதிக்கலாம் என்று சொல்லட்டும், அடுத்த நிமிஷம் மிதிக்கிறேன். பங்குனியில் அக்குளில் மறுபடியும் தடித்துவிட்டது, மறுபடியும் ஊசி என்றார்கள். அப்போதும் அவன் அதைச் சொல்லவில்லை.

அதோ, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளா? என் தம்பி இல்லை. அவன்தான் செந்தட்டி. பங்குனியிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் கார் பிடித்து அவன்தான் கூட்டிக்கொண்டு வருகிறான். வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினேன், விடிவதற்கு முன்னால் வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறான். ராஜபாளையத்திலிருந்து மதுரை வரை நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜன்னலை ஏத்தவா மச்சான் என்பான், குமட்டுதா மச்சான் என்பான், சிந்து மாசமா இருக்கா மச்சான் என்பான். ஊர்க்கதை எல்லாம் வரும். அந்த ஒன்று மட்டும் வராது.

நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். கஞ்சியில் இன்றைக்கு உப்புக் கூடிவிட்டது என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், நான் பேசுவதில்லை. வேறொன்றும் சொல்ல வேண்டாம். அவனாகத்தான் சொல்ல வேண்டும். அதே தெருவில், அதே சத்தத்தில், என் முகத்தைப் பார்த்து. அவன் சொல்லுகிறவரைக்கும் நான் எங்கேயும் போகிறதாக இல்லை.